கொலம்பஸுக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு: சனிக்கிழமை ஆட்டமும் கைப்பேசிச் சந்தையும்

ஆகஸ்டில் வந்து இறங்குவீர்கள். வங்கிக் கணக்கு, வாடகை வீடு என்று அலைந்து முடிப்பதற்குள் ஊரே சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு லட்சம் பேர் உட்காரும் அந்த அரங்கத்துக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள், மறக்க மாட்டீர்கள்.

அதே வாரத்தில் ரூம்மேட் யாராவது கால்ஷி, ராபின்ஹுட் என்று ஒரு ஆப்பைத் திறந்து காட்டுவார். "இது பெட்டிங் இல்லடா, டிரேடிங்" என்பார். இந்த அணி ஜெயிக்குமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என இரண்டு பக்கம் இருக்கும், அதில் ஒன்றை ஒப்பந்தமாக வாங்க வேண்டும். விலை 1 சென்ட்டிலிருந்து 99 சென்ட் வரை. நீங்கள் வாங்கிய பக்கம் சரியானால் ஒரு டாலர், தவறினால் பூஜ்யம். ஊரில் பங்குச் சந்தையில் எக்ஸ்பைரி (கெடு முடியும்) நாளன்று ஆப்ஷன் ஒப்பந்தத்தின் மதிப்பு கரைவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம்தான்.

கொலம்பஸ் இருக்கும் ஒஹையோ மாநிலத்தில் விளையாட்டு பெட்டிங் 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி நடக்கிறது, அதற்கு 21 வயது ஆக வேண்டும். கால்ஷியோ மத்திய அரசின் சி.எஃப்.டி.சி.யிடம் (முன்பேர வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவான சந்தை என்ற முறையில் 18 வயதிலேயே சேர்த்துக்கொள்கிறது. விளையாட்டு ஒப்பந்தங்களை 2025 தொடக்கத்தில் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் இது சூதாட்டமே என்று வழக்காடுகின்றன. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கரும் கல்லூரி ஆட்டங்களை இதிலிருந்து எடுக்கச் சொல்கிறார். நானும் அவர் பக்கம்தான். பங்கு இறங்கினால் காத்திருக்கலாம். இங்கே ஆட்டம் முடிந்ததும் கணக்கும் முடிந்துவிடும்.

92 சென்ட் என்றால் உறுதி என்று நினைக்காதீர்கள். நூறு ஒப்பந்தம் வாங்கினால் 92 டாலர் போகும். ஜெயித்தால் கட்டணம் போக ஏழரை டாலர்தான் மிஞ்சும். ஒரு தோல்வியை ஈடுகட்ட பன்னிரண்டு, பதின்மூன்று வெற்றி வேண்டும். அந்தத் தோல்வி வரும். 2024 நவம்பர் 30 அன்று சொந்த மண்ணில், ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஒஹையோ ஸ்டேட், மிஷிகனிடம் 13-10 என்று தோற்றது. 45 வினாடி மிச்சமிருக்கும்போது மிஷிகன் உதைத்த ஒரு ஃபீல்டு கோல் (மூன்று புள்ளி), அவ்வளவுதான். அந்த சீசனில் தேசிய சாம்பியன் ஆனதும் இதே அணிதான்.

எங்கள் அபார்ட்மென்ட் தம்பி ஒருவன் தீபாவளி விருந்தில் பிரியாணியைத் தொடாமல், மேசைக்கு அடியில் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிங் செமஸ்டர் ஃபீஸுக்கு அப்பா அனுப்பிய பணம் அந்த ஆப்பில் இருந்தது என்று ஜனவரியில்தான் சொன்னான். முன்பே சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

ஃபீஸ், வாடகைப் பணத்தை இந்த ஆப்போடு இணைக்காத தனிக் கணக்கில் வையுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: கேம்பஸ் வேலை விளையாட்டுத் துறையில் கிடைத்தால், பந்தயம் கட்டக் கூடாது என்ற என்.சி.ஏ.ஏ. விதிகள் உங்களையும் கட்டுப்படுத்தலாம். சேரும் முன்பே மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். வகுப்புத் தோழன் அணியில் ஆடுகிறான் என்றால் அவன் காயத்தைப் பற்றி விசாரித்து, பந்தயம் கட்டுகிற யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1-800-426-2537 என்ற சூதாட்டப் பிரச்சினை உதவி எண்ணில் கூப்பிடுங்கள். அல்லது எங்களில் ஒருவரிடம் வந்து சொல்லுங்கள், எந்த நேரமானாலும் சரி.