பனிமலைக்கு மாணவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் வந்தால் ஏதாவது ஒரு கல்லூரிக் குழு பனிமலைக்குக் கிளம்பும். கிளம்புமுன் யாராவது ஒரு பட்டியலை நீட்டி, "எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க அண்ணா" என்பார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியன் வேண்டாம், புது ஷூவை அங்கே போய்ப் பிரிக்காதே என்பதெல்லாம் இப்போது எல்லாருக்கும் தெரியும். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பட்டியலில் வராத சில தவறுகள் உண்டு. எங்கள் காலத்தில் நாங்கள் செய்ததையே, அதே வரிசையில், ஒவ்வொரு பேட்ச்சும் செய்கிறது. அவற்றைப் பற்றித்தான் இது.

ஸ்லீப்பிங் பேக்கின் மேலிருக்கும் எண்ணை நம்புவது

எவ்வளவு குளிர் தாங்கும் என்று உறையில் −15 டிகிரி எனப் பெரிதாகப் போட்டிருக்கும். அது எந்த −15 என்பது உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணியில் இருக்கும். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பைகளுக்குக் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று தனித்தனி எண்கள் உண்டு. முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண் அல்ல, சில மணி நேரம் உயிரோடு இருப்பதற்கான எண். வாடகைப் பை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பல பேர் படுத்து அமுங்கிப்போன பைக்கு எந்த எண்ணும் பொருந்தாது. அடியில் விரிக்கும் மேட்டை எடை குறைக்கிறேன் என்று விட்டுவிட்டு வந்தால் எவ்வளவு நல்ல பையும் உதவாது; உடலின் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும்.

வேகமாக நடப்பவர்களை முன்னே அனுப்புவது

இதைப் பேசினாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஏனென்றால் இது தவறு என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. "நீங்க நாலு பேரும் ஃபிட்டா இருக்கீங்க, முன்னாடி போய் டென்ட் போடுங்க, நாங்க மெதுவா வர்றோம்." கேட்க எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது!

என்ன நடக்கும் என்று பாருங்கள். முன்னே போனவர்கள் ஒரு மேட்டில் ஏறிக் காத்திருப்பார்கள். ஏறிய வேகத்தில் உள்ளாடை வியர்வையில் நனைந்திருக்கும். நின்ற சில நிமிடங்களில் அந்த ஈரம் சில்லிட ஆரம்பிக்கும், பிறகு பல் கிட்டும். அப்போதுதான் கடைசி ஆள் தள்ளாடி வந்து சேருவான். அவன் முதுகு மூட்டையை இறக்குவதற்குள், "வந்துட்டான்டா, கிளம்பலாம்" என்று இவர்கள் எழுந்துவிடுவார்கள். ஓய்வு வேண்டாதவன் நின்று நின்றே விறைத்துப் போனான். வேண்டியவனுக்கு ஒரு வாய் தண்ணீருக்குக்கூட நேரமில்லை. இப்படியே நாலைந்து நிறுத்தம் போனால் பின்னால் வருபவன் சாப்பிட்டிருக்க மாட்டான், நனைந்த கிளவுஸை மாற்றியிருக்க மாட்டான். வாய் திறந்து சொல்லவும் மாட்டான். அந்த வயதில் நண்பர்கள் முன்னால் "என்னால முடியல" என்று சொல்கிற பிள்ளைகள் அபூர்வம்.

ஒரு பயணத்தில் குழுத் தலைவர் வேறொருவர். நான் கடைசியில் வந்துகொண்டிருந்தேன். வேகமான பையன்களை அவரே முன்னால் அனுப்பினார். மதியத்துக்குமேல் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் அங்கேயே தங்குவது என்று முடிவானது. டென்ட்டின் துணி எங்களிடம் இருந்தது. கம்பிகள் முன்னே போன ஒருவனின் பையில். அடுப்பு எங்களிடம், கேஸ் அவர்களிடம். காலையில்தான் எடையைச் சரிசமமாகப் பிரித்தோம் என்று பெருமைப்பட்டிருந்தார்கள். துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தோம். என் பக்கத்தில் இருந்த பெண் ஜாக்கெட் ஜிப்பை ஏற்றப் பார்த்தாள். விரல் ஜிப்பின் நுனியைத் தொடுகிறது, பிடிக்க வரவில்லை, நழுவுகிறது. மறுபடி முயன்றாள். பிறகு ஜாக்கெட் திறந்தபடியே கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். அழுதிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஜிப்பை ஏற்றி, உலர்ந்த தொப்பியை மாட்டி, அவளை நடுவில் உட்கார வைத்தோம். முன்னே போனவர்கள் கம்பியோடு திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.

மறுநாள் காரணம் கேட்டதற்கு வந்த பதில்: "வெதர் மாறிடுச்சு." மலையில் வானிலை மாறத்தான் செய்யும். கம்பி ஏன் அங்கே போனது?

இதன் மிகக் கொடிய வடிவம் 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைப்பீடபூமியில் நடந்தது. எடின்பரோவிலிருந்து வந்த பள்ளி மாணவர்களைத் திறமைப்படி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வலுவான அணி மூத்த தலைவரோடு போய்க் குறித்த குடிலை அடைந்துவிட்டது. மற்ற அணியில் ஆறு மாணவர்கள், இளம் தலைவர் ஒருவர், பயிற்சியில் இருந்த உதவியாளர் ஒருவர். பனிப்புயலில் மேலே இருந்த ஒரு சிறு தங்குமிடத்தைத் தேடி நடந்தார்கள், அடைய முடியவில்லை. இரண்டு இரவுகள் வெட்டவெளியில் கிடந்தார்கள். ஐந்து மாணவர்களும் உதவியாளரும் இறந்துபோனார்கள். கவனியுங்கள், பலவீனமான அணியோடு போனவர்கள் அனுபவம் குறைந்தவர்கள். அந்தத் தங்குமிடத்தையும் பின்னாளில் இடித்துவிட்டார்கள். பனிமூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாத கூரையை நம்பி ஆட்கள் மேலே போவது, கூரையே இல்லாததைவிட ஆபத்து என்று புரிந்திருக்க வேண்டும்.

சரி, எப்படி நடப்பது? மிக மெதுவாக நடப்பவரைத் தலைவருக்கு நேர்பின்னால், இரண்டாவதாக விடுங்கள். முதலில் விட்டால் பின்னாலிருப்பவர்களின் அவசரம் அவர் முதுகில் ஏறும். கடைசியில் விட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். அவர் மூட்டையிலிருந்து கனமானதை எடுத்து வேகக்காரர்கள் பையில் வையுங்கள். அவர்கள் வேகம் தானாகக் குறையும். அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும், யாரையும் அவர் தாண்டக் கூடாது. ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். நின்ற உடனே ஜாக்கெட், குளிர்ந்த பிறகு அல்ல. பிரிந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஒவ்வொரு பாதியிலும் முழு டென்ட், அடுப்பு, கேஸ், உணவு, வரைபடம், வழி தெரிந்த ஒருவர் இருக்கிறார்களா என்று பையைத் திறந்து பாருங்கள். "இருக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்பது

நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. அதில் முதலில் மங்குவது தனக்கு என்ன ஆகிறது என்று கணிக்கும் புத்திதான். ஆகவே கேட்காதீர்கள், செய்யச் சொல்லுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். நாக்கு குழறுகிறதா, சமதரையில் கால் இடறுகிறதா என்று பாருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர், குளிர் குறையாமலே நடுக்கம் நின்று அமைதியானால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். அவரை நடக்கவிடாமல், குலுக்காமல், கைகாலைத் தேய்க்காமல் படுக்க வைத்து, ஈரம் மாற்றி, சூடாக மூடி, உதவி கேளுங்கள். சரக்கு உடம்பைச் சூடாக்கும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை முதலில் அப்பால் அனுப்புங்கள்.

சாக்ஸுக்கு மேல் சாக்ஸ்

ஷூ இறுகும், ரத்தம் ஓடாது, விரல் இன்னும் விறைக்கும். ஒன்று போதும்.

இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது

குறிப்பாகப் பெண்கள் இதைச் செய்கிறார்கள், குற்றம் அவர்களுடையது அல்ல. மறைவிடம் எது, இரவில் யாரோடு போவது என்பதை முகாம் போட்ட உடனே ஏற்பாடு செய்யாத தலைவருடையது. தண்ணீர் குறைந்தால் களைப்பும் தலைவலியும் வரும். உயரமான இடத்தில் அதே தலைவலி உயர நோயின் அறிகுறியும்கூட என்பதால் எது என்று தெரியாமல் தவிப்பீர்கள். சொல்ல மறந்தேன், அந்த நோயைத் தவிர்க்க, 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

டென்ட்டுக்குள் அடுப்பு

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

திரும்பும் நேரத்தை மேலே போய் முடிவு செய்வது

5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடவே 10 நிமிடம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கின் இன்றைய வடிவம் இது. அதன்படி 8 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பனியில், மூட்டையோடு, ஒரு வகுப்பே நடந்தால் அதை இரட்டித்தாலும் சில நாள் போதாது. வானிலை அறிக்கையில் −10 என்று பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் அது தோலுக்கு −20. திரும்பும் மணியைக் காலையில், கீழே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். உச்சி பக்கத்தில் தெரியும்போது வாக்கெடுப்பு நடத்தினால் "போலாம்" என்பதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

தண்ணீர் வடிகட்டியை வெளியே வைத்துவிட்டுத் தூங்குவது

நுண்குழாய் வடிகட்டி ஒரு முறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. பைக்குள் உங்களோடு படுக்கட்டும். மொபைலும் பவர் பேங்கும் கூடத்தான்.