கிரவுன் ஆயில்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

இன்ஜின் ஆயிலை கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுகிறோம். இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் அச்சு நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி டிஃபரன்ஷியல்; அதன் ஆயில், நம் பட்டறைப் பேச்சில் கிரவுன் ஆயில், லீக் ஆகித் தரையில் சொட்டும்போதுதான் நினைவுக்கு வருகிறது. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கிரவுன் இரண்டு: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பல வண்டிகளில் முன்பக்கத்தை வருடக்கணக்கில் யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

கடையில் போய் "தொண்ணூறு ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்பதுதான் முதல் தவறு. 90 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மை மட்டுமே. டப்பாவில் ஜிஎல்-4 என்றோ ஜிஎல்-5 என்றோ ஆயிலின் தரமும் போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். டிஃபரன்ஷியலில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் மையத்துக்குப் பெரும்பாலும் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தேய்ந்துகொண்டே சுற்றும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் ஜிஎல்-5ல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதலாகக் கலந்திருக்கிறார்கள்.

சரி, உசத்தி ஆயில்தானே என்று மிச்சத்தைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் பெரும்பாலும், கியர் அலுங்காமல் விழ உதவும் பித்தளை வளையம், அதாவது சிங்க்ரோ ரிங் இருக்கும். சில ஜிஎல்-5 ஆயில்கள் அதை அரித்துவிடும், கியரும் சிக்கிச் சிக்கி விழும். சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கதையும் தனி: சில வண்டிகளுக்குக் கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏடிஎஃப் ஆயில். வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதே முடிவு. மலைக்குப் போகிற வண்டி என்று தாமாக இன்னும் கெட்டியான 140க்கு மாறுவதும் வேண்டாம்.

எனக்குப் பாடம் கற்பித்தது தண்ணீர்தான். ஒரு மழைக்காலத்தில் கடம்பூர் மலையில் பள்ளத்துத் தண்ணீரைக் கடந்து போய்வந்தேன். அச்சு முழுக முழுகத்தான் வண்டி ஏறியது. சத்தியமங்கலம் இறங்கி வீடு வந்து, கழுவி நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பின் சக்கரப் பக்கம் ஒரு ஊளைச் சத்தம். பட்டறையில் கிரவுனின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி ஆயில். "பிரீதர் அடைச்சிருக்குதுங்ணா" என்றார் மெக்கானிக். கிரவுனை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கின் தலையில், காற்று போய்வரச் சுண்டுவிரல் அளவு இருந்த அந்த மூடி முழுக்கச் சேறு.

ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் ஹவுசிங், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பள்ளத்தில் இறங்குவதற்கு முன் சற்று நிறுத்தி ஆற விடுங்கள். கடந்து வந்தபின் ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி உயரமாகக் கொண்டுபோனால் இன்னும் நிம்மதி.

ஆயில் மாற்றும்போது முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் ஃபில்லர் பிளக். டிரெயினைத் திறந்து ஆயிலைக் கொட்டிவிட்டு, அப்புறம் ஃபில்லர் துருப்பிடித்துச் சுழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை ஊற்றினால் போதும். அதிகமானால் நுரைத்து, சீலைத் தாண்டி, பிரேக் டிரம் வரை போகும்.

இன்னொன்று, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவது. முன், பின் அச்சுகளை வேறுவேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படி ஏறினால், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். முன், பின் டயர் அளவு மாறியிருந்தாலும் இதே முறுக்கல்தான்.

இரும்புத் தூளைப் பிடித்துவைக்கும் காந்த பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம், துடைத்து மாட்டுங்கள். விரலில் குத்துகிற செதிலோ, பல் துண்டோ கிடைத்தால் ஆயில் ஊற்றாதீர்கள். ஹவுசிங்கைத் திறக்கச் சொல்லுங்கள்.