ஒரே சிவப்புக் கோடு: ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஒரு பிள்ளை காலையில் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆங்கிலம் கேட்கிறது, பின்னேரம் ரியூசனில் இன்னொன்று, இரவில் யூடியூப்பில் மூன்றாவது. படித்து முடித்து உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஹோட்டல் வேலைக்குப் போனால், ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் பேசும் ஆங்கிலம் காத்திருக்கிறது. புதிதாகக் கற்பிக்க வருபவர்கள் இதில் ஒன்றை மட்டும் ‘சரி’ என்று பிடித்துக்கொண்டு மற்றதோடெல்லாம் சண்டை பிடிக்கிறார்கள். எழுத்துப்பிழை, காலப்பிழை பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அதைப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள்.

எல்லாப் பிழைக்கும் ஒரே கோடு

அதிகம் நட்டம் தருவது இதுதான். ஒரு கொப்பியை எடுத்துப் பாருங்கள். ‘மை சிஸ்ரர் கோ ரு ஸ்கூல்’ என்று ஒரு வரி. ‘வீ ஹாட் ஷோட் ஈற்ஸ்’ என்று இன்னொரு வரி. அதிபருக்கு எழுதிய லீவுக் கடிதத்தில் ‘ஐ வோன்னா ரேக் லீவ்’. மூன்றுக்கும் ஒரே சிவப்புக் கோடு. பிள்ளைக்கு விளங்குவது ஒன்றே ஒன்று: தான் எழுதுவது எல்லாமே பிழை. பத்து வரி எழுதியவள் அடுத்த கிழமை நாலு வரியோடு நிறுத்துவாள். வாய் திறப்பதும் குறைந்துவிடும். தடுக்க இவ்வளவு சுலபமான ஒன்று வகுப்புக்கு வகுப்பு திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

முதல் வரியில் ‘கோஸ்’ என்பதன் ‘எஸ்’ விடுபட்டிருக்கிறது, அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் ‘இப்படி ஒருத்தரும் பேசமாட்டார்கள்’ என்று சொல்லாதீர்கள், அது உண்மையில்லை. இங்கிலாந்தின் நோரிச் நகரில் ‘ஹீ கோ’ என்பது சாதாரணப் பேச்சு. மொழியியலாளர் பீற்றர் ட்ரட்கில் அந்த நகரைப் பற்றி 1974 இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர வர்க்கத்தின் நடுப்படியில் அந்த ‘எஸ்’ ஒருபோதும் விடுபடவில்லை, உழைக்கும் வர்க்கத்தின் கீழ்ப்படியில் 97 வீதம் விடுபட்டது. சாதாரண தரப் பரீட்சையும் வேலை விண்ணப்பமும் கேட்பது பொது எழுத்து ஆங்கிலம், அதற்கு ‘எஸ்’ வேண்டும். இந்தக் காரணத்தைச் சொல்லியே திருத்துங்கள்.

இரண்டாவது வரி இலங்கை ஆங்கிலம், ‘ஷோட் ஈற்ஸ்’ என்றால் சிற்றுண்டி. கொழும்பில் விளங்கும், வெளிநாட்டு விருந்தாளிக்கு விளங்காது. மூன்றாவது, நண்பனுக்கு எழுதினால் பொருந்தும், அதிபருக்குப் பொருந்தாது.

ஆகவே மூன்று அடையாளம் வையுங்கள். முதலாம் வகைக்கு நேர்கோடு, ஒரு கட்டுரைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். இரண்டாம் வகைக்கு வட்டம், மூன்றாம் வகைக்கு அலைக்கோடு. இந்த இரண்டுக்கும் பயிற்சிக் கொப்பியில் புள்ளி வெட்டாமல், பக்கத்தில் இன்னொரு சொல்லை எழுதுங்கள். கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அடையாளங்களின் பொருளைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பேச்சென்றால் பிள்ளை முடிக்கும் வரை பொறுத்திருந்து, குறித்து வைத்ததில் இரண்டை மட்டும் பிறகு சொல்லுங்கள்.

‘தாங்கோ’வை ‘கிவ்’ ஆக்குவது

‘பாஸ்போட்டைத் தாங்கோ’ என்பதில் மரியாதை ‘ங்கோ’வில் இருக்கிறது. ‘கிவ் மீ யுவர் பாஸ்போட்’ என்று மாற்றும்போது அந்த ‘ங்கோ’ காணாமற்போய் அதிகாரம் மட்டும் மிஞ்சும். ஆங்கில வினையில் மரியாதை விகுதி இல்லை, கேள்வியாக்கித்தான் பணிவு காட்ட வேண்டும்: ‘குட் ஐ ஸீ யுவர் பாஸ்போட், ப்ளீஸ்?’ ஹோட்டல் பயிற்சியில் இதற்கு முதல் வாரமே இடம் கொடுங்கள்.

‘ரிக்கெற்’றை ‘டிக்கெட்’ ஆக்குவது

இந்திய வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சிலர் இப்படித் திருத்துகிறார்கள். ‘ட’வுக்கு நாக்கு மேலண்ணத்தை நோக்கி மடங்கும். நம் ‘ற்ற’வுக்கு அது மேற்பல் முரசில் தொடும், ஆங்கிலத்துக்கும் அங்கேதான். ‘பற்றறி’ என்ற வாயை மாற்றவே வேண்டாம். சொல்லின் தொடக்கத்தில் கொஞ்சம் மூச்சைச் சேர்த்தால் போதும்.

‘ஆர்’ சத்தத்தை அளவுகோலாக்குவது

மொழியியலாளர் வில்லியம் லாபோவ் 1962 இல் நியூயோர்க்கின் மூன்று கடைகளில், ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற பதில் வரும்படி, விற்பனையாளர்களிடம் நாலாம் மாடிக்கு உரிய பொருளை விசாரித்தார். விலைகூடிய கடையில் அந்தச் சொற்களின் ‘ஆர்’ கூடுதலாக ஒலித்தது, மலிவுக் கடையில் குறைவாக. காது கேளாதவர்போல மறுபடி கேட்டபோது பலர் இன்னும் தெளிவாக ஒலித்தார்கள். இங்கிலாந்திலோ உயர்ந்ததாக மதிக்கப்படும் உச்சரிப்பில் அதே இடத்தில் ‘ஆர்’ ஒலிப்பதே இல்லை. எதை நடிக்கச் சொல்லப் போகிறீர்கள்? அதைவிட, இரண்டு நிமிட ஒலிப்பதிவுகள் மூன்றை, மூன்று நாட்டுக் குரல்களில், கேட்கக் கொடுங்கள். முதல் தடவை எழுத்தில்லாமல், இரண்டாம் தடவை எழுத்தோடு.

அமெரிக்க எழுத்துக்கூட்டல்

பாடநூல் பிரித்தானிய முறை. ஒரே தாளில் கலக்க விடாதீர்கள்.

ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் எழுதிப் படிக்க விடுவது

மாத்திரைக்கும் ‘பில்’, கணக்குச் சீட்டுக்கும் ‘பில்’. தமிழில் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டு ஒலி. ஹோட்டல் வரவேற்பில் விருந்தாளி எதைக் கேட்கிறார் என்பது இந்த ஒலியில்தான் இருக்கிறது. ஒரு மெல்லிய கடதாசித் துண்டை வாய்க்கு முன்னால் நாலு விரல் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மாத்திரையைச் சொல்லும்போது கடதாசி ஆட வேண்டும், கணக்குச் சீட்டைச் சொல்லும்போது அசையக் கூடாது.