காரில் தீய்ந்த வாடை வந்தால்: எங்கிருந்து வருகிறது, எப்படிச் சரிசெய்வது

ஓட்டிக்கொண்டிருக்கும்போது கருகல் வாடை வந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்துவிட வேண்டும். சருகும் காய்ந்த புல்லும் கிடக்கும் இடத்தில் நிறுத்தக் கூடாது. சைலன்சர் குழாயின் சூட்டிலேயே அவை பற்றிக்கொள்ளும். பானெட்டின் இடுக்கில் தீ தெரிந்தாலோ புகை பெருகிக்கொண்டே வந்தாலோ பானெட்டைத் திறக்கவே கூடாது. திறந்தவுடன் காற்று புகுந்து தீ குபீரென்று எழும். எல்லோரையும் இறக்கித் தொலைவுக்கு அழைத்துச் சென்று, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதே அப்போது செய்ய வேண்டியது.

அத்தகைய ஆபத்து இல்லையெனில், எதையும் கழற்றுவதற்கு முன் வாடையின் தன்மையையும் அது வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்த நெடி உண்டு என்பதால், பாதி நோயறிதல் மூக்கிலேயே முடிந்துவிடும்.

அடிக்கடி அகப்படுவது எண்ணெய் கருகும் நெடி. சிக்னலில் நிற்கும்போதோ, ஓட்டி முடித்து நிறுத்திய பின்போ கனமான, தொண்டையைக் கரகரக்க வைக்கும் வாடை வந்தால், எங்கிருந்தோ கசியும் என்ஜின் ஆயில், சூடான புகையை வெளியேற்றும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டுகிறது என்று பொருள். என்ஜின் நன்கு ஆறிய பிறகு, டார்ச்சை என்ஜினின் மேல்மூடி, அதன் கீழுள்ள உலோகப் பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு சேரும் விளிம்பை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துச் சுற்றிலும் பாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் தூசு ஒட்டிய கரிய, ஈரமான கோடு ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருக்கும். அண்மையில் ஆயில் மாற்றியிருந்தால், ஊற்றும்போது சிந்தியதே கருகலாம். அதைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும்.

கசிவது மேல்மூடியின் பேக்கிங்தான் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) என்று உறுதியானால், பொறுமை உள்ளவர் தாமே மாற்றிவிடலாம். மூடியைக் கழற்றியதும் பழைய பேக்கிங்கை எடுத்துப் பாருங்கள். சூட்டில் வெந்து, வளைத்தால் பிளாஸ்டிக் போல் முறியும். ஹெட் பெரும்பாலும் அலுமினியம் என்பதால், ஒட்டியிருக்கும் துணுக்குகளை இரும்புத் தகட்டால் சுரண்டாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, இரு பரப்புகளையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசியாது என்ற நினைப்பே பல மூடிகளை விரிசலுறச் செய்கிறது. கசியும் போல்ட்டை மட்டும் இறுக்கி விடுவதையும் நான் ஏற்பதில்லை. கெட்டிப்பட்ட பேக்கிங் எவ்வளவு அழுத்தினாலும் மீண்டும் கசியும். மேனிஃபோல்டின் மேல் மிச்சமிருக்கும் எண்ணெய் எரிந்து தீரும்வரை வாடை சில நாள் தொடரலாம்.

இனிப்பு கலந்த வாடை, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுடையது. ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் உலர்ந்த உப்புப் போன்ற வெள்ளை அல்லது வண்ணக் கறையைத் தேடுங்கள். என்ஜின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். இனிப்பு வாடை காருக்குள்ளேயே வந்து, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படிந்தால், காருக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

ரப்பர் கருகும் நெடியோடு கிறீச்சென்ற ஒலியும் கேட்டால் என்ஜினின் பெல்ட் வழுக்குகிறது. புதுப் பெல்ட் போடுவதற்கு முன், என்ஜினை அணைத்துப் பழையதைக் கழற்றி, என்ஜினோடு நேரடியாக இணைந்த கீழ்ப் புல்லியைத் தவிர, பெல்ட் ஓடும் மற்ற ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். ஏதேனும் ஒன்று இறுகியோ கரகரத்தோ சுழன்றால் குற்றம் அதனுடையது. அதை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால் அதுவும் கருகும்.

மேட்டில் ஏறிய பின் காகிதம் தீய்வது போன்ற வாடை வந்தால் கிளட்ச்சையும், ஒரு சக்கரத்தருகே மட்டும் வீசினால் அதன் பிரேக்கையும் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடாமல் ஓட்டியதாகவும் இருக்கலாம்.

என்னைப் பெரிதும் அச்சுறுத்துவது, பிளாஸ்டிக் உருகும் நெடிதான். அது மின்கம்பியின் உறை. உடனே என்ஜினை அணைத்து, பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் பெட்டியில் பழுப்பேறிய இடம், எலி கடித்த கம்பி, பின்னாளில் பொருத்திய விளக்கு அல்லது ஹார்னின் இணைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் 20 ஆம்பியர் போட்டால், ஃபியூஸ் உருகுவதற்குப் பதில் கம்பியே உருகும். இந்த வாடை வந்தால், காரணம் அகப்படும்வரை வண்டியை ஓட்டாமல், எலக்ட்ரீஷியனை நின்ற இடத்துக்கே வரவழையுங்கள்.