அலைக்கடலில் பாய்மரப் படகுப் பந்தயம்: திருப்பங்களில் செய்யக்கூடாத தவறுகள்

லேசர் என்று பலரும் இன்னும் கூப்பிடும் ஐஎல்சிஏ படகில் ஒரே ஆள்தான். நீளம் சுமார் 4.2 மீட்டர், உடற்பகுதியின் எடை 59 கிலோ. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக 2021-இல் எனோஷிமா கடலில் இந்தியாவின் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஓட்டியது இந்தப் படகைத்தான். இவ்வளவு லேசான படகை ஒரே ஓர் அலை நிறுத்திவிடும். அதனால்தான் கடல் கொந்தளிக்கும் நாளில் நேர் ஓட்டத்தைவிடத் திருப்பங்களில் அதிக இடங்கள் பறிபோகின்றன.

பெரிய தவறு, நினைத்த நொடியில் டேக் அடிப்பது, அதாவது முன்முனை காற்றைக் கடக்கும்படி படகைத் திருப்புவது. படகு அலைமேல் ஏறும்போதே திருப்பத் தொடங்க வேண்டும். உச்சியில் முன்முனையும் பின்முனையும் தண்ணீரிலிருந்து விடுபட்டிருக்கும், படகு சுலபமாகச் சுழலும். அங்கே காற்றைக் கடந்துவிட்டால், மறுசரிவில் இறங்கும்போதே புதிய பக்கத்தில் வேகம் பிடித்துவிடலாம். பள்ளத்தில் திருப்பினால் எதிரே வரும் அலை முன்முனையைத் தள்ளிவிடும். பாய் படபடக்க, படகு காற்றைப் பார்த்தபடி நின்றுவிடும், சில சமயம் பின்னோக்கியும் நகரும். பெரிய அலைகள் சில கடந்ததும் கொஞ்சம் சமமான தண்ணீர் வரும். அதற்காகச் சில நொடி காத்திருந்தால் நஷ்டமே இல்லை.

காத்திருக்கும்போதும் வேகம் குறையக் கூடாது. பலர் காற்றை நெருக்கி நெருக்கி ஓட்டி, பாதி வேகத்தில் டேக் அடிக்கிறார்கள். பிறகு டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) வெடுக்கென்று தள்ளுகிறார்கள். அந்த நேரத்தில் சுக்கான் பிரேக்காகத்தான் வேலை செய்யும். காற்றிலிருந்து சற்று விலக்கி, படகு ஓட ஆரம்பித்த பிறகு திருப்புங்கள்.

காற்று வரும் திசையில் பந்தயத் தடத்தின் முனையிலுள்ள மிதவையைச் சுற்றும்போது வேங் கயிற்றைத் தளர்த்த மறப்பது அடுத்தது. இறுகிய வேங், பாயின் அடியிலுள்ள கட்டையான பூமைக் கீழே பிடித்துக்கொள்ளும். படகை விலக்கும்போது பூமின் நுனி தண்ணீரில் உரசும், பாயைத் திறந்துவிட முடியாது, கவிழ வேண்டியதுதான். மிதவைக்குச் சற்று முன்பே தளர்த்திவிடுங்கள்.

ஜைப், அதாவது பின்முனை காற்றைக் கடக்கும்படி திருப்புவது: இந்த விஷயத்தில் பயம்தான் எதிரி. படகு மெதுவானதும் செய்யலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் அலைமேல் சறுக்கி முழு வேகத்தில் போகும்போதுதான் பாயின் மேல் காற்றழுத்தம் மிகக் குறைவு, அதுதான் நேரம். பூம் கடக்கும் நொடியில் மெயின்ஷீட்டை (பாயை இழுக்கவும் விடவும் உதவும் கயிறு) ஒரு வெட்டு இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் தொங்கும் கயிறு படகின் பின்மூலையில் மாட்டிக்கொள்ளும், லேசரில் இது ரொம்ப சகஜம். டாகர்போர்டை (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) பாதியளவு வைத்தால் போதும். முழுக்கத் தூக்கினால் படகு இப்படியும் அப்படியும் உருளும். அப்படி உருண்டு காற்று வரும் பக்கமாகச் சாய்ந்தால் மெயின்ஷீட்டை இன்னும் விடத்தான் கை போகும். விட்டால் சாய்வு கூடும். இழுத்துக்கொண்டு, படகைக் கொஞ்சம் காற்றுப்பக்கம் திருப்புங்கள்.

அப்புறம், வியூகம். அலையில் ஒவ்வொரு டேக்கும் விலை கூடியது, எனவே எண்ணிக்கையைக் குறையுங்கள். அலையும் காற்றும் ஒரே திசையிலிருந்து வராத நாளில், ஒரு பக்கம் அலை நேராக மோதும், மறுபக்கம் பக்கவாட்டில் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாயை வைத்து ஓட்டக் கூடாது.

போர்ட் டேக்கில் (காற்று இடப்பக்கம்) வரும்போது, ஸ்டார்போர்டு டேக்கில் (காற்று வலப்பக்கம்) வரும் படகுக்கு முன்னால் நுழைந்து டேக் அடிப்பது அமைதியான தண்ணீரில் நல்ல உத்தி. அலையில் அது பெரும்பாலும் எடுபடாது. நீங்கள் வேகம் பிடிப்பதற்குள் அவர் மேலே கடந்துவிடுவார். பந்தய விதி 13-இன்படி, காற்றைக் கடந்து புதிய பக்கத்தில் நெருக்கோட்டத்துக்கு (காற்றை முடிந்தவரை நெருங்கி ஓடும் திசை) வரும்வரை விலகியிருக்க வேண்டியவரும் நீங்கள்தான். தவறினால் பொதுவாக இரண்டு முழுச் சுற்று தண்டனை, ஒவ்வொன்றிலும் ஒரு டேக், ஒரு ஜைப். அந்தக் கடலில் அதைச் செய்வதைவிட, ஒரு படகு நீளத்தை விட்டுக்கொடுத்து அவர் பின்னால் போவது எவ்வளவோ மலிவு.