ஃபேன் சுற்றியது, திரை மட்டும் வரவில்லை

பழைய டெஸ்க்டாப்பில் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன். ஃபேன் சுற்றியது, திரை கும்மிருட்டு. மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருந்தது. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும் என்பதால் பவர் சப்ளையிலிருந்து 8 பின் இணைப்பும் கொடுத்திருந்தேன். அது 150 வாட் வரை தாங்கும். ஆக, கரண்டில் குறை இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மானிட்டர் போர்ட் இருக்கும் பக்கம், கார்டின் தங்கநிறப் பட்டை ஸ்லாட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவு தெரிந்தது. கார்டைக் கேபினட்டோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கும் தகட்டின் நாக்கு கேபினட் விளிம்பில் இடித்து, கார்டை முழுசாக உட்கார விடவில்லை. (மலிவு கேபினட்டில் இதெல்லாம் சகஜம்.)

பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி, நாக்கைக் குறடால் லேசாக வளைத்தேன். அப்புறம் நேராக அழுத்தியதும் ஸ்லாட் ஓரத்துக் கொக்கி 'டிக்' என்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ. திரை வந்தது, டிரைவர் மென்பொருள் போட்டதோடு சரி.