மாம்பழத்தில் ஏமாந்து பட்டாணியில் எடுத்த டிஎன்ஏ

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட்டுவிட்டு வேறு எதில் டிஎன்ஏ எடுக்கத் தோன்றும்? போன சீசனில், பிளஸ் ஒன் சேர்ந்திருந்த அண்ணன் மகனுக்குக் காட்டலாம் என்று ஒரு பெங்களூரா பழத்தைப் பிசைந்து வடிகட்டி ஸ்பிரிட் ஊற்றினேன். தம்ளர் நிறையக் கொழகொழவென்று திரண்டு வந்தது. "அத்தை, இவ்ளோ டிஎன்ஏவா!" என்றான். படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாயிற்று.

மறுநாள்தான் உறைத்தது. அதில் பெரும்பங்கு பெக்டின். ஜாமைக் கெட்டியாக்குவதும் அதுதான். ஸ்பிரிட் பட்டால் டிஎன்ஏ போலவே அதுவும் திரளும். கண்ணாடி மாதிரி ஜெல்லியாக நின்றால் பெக்டின் என்று சந்தேகப்படுங்கள். வெள்ளையாக, நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டால் டிஎன்ஏ இருக்கிறது என்று நம்பலாம். அதனால் இந்த முறை பட்டாணி. உரித்த பச்சைப் பட்டாணியோ, இரவே ஊறவைத்த காய்ந்த பட்டாணியோ, இரண்டும் சரிதான்.

முதலில் ஸ்பிரிட். மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கும். மூடியை இறுக்கி, பாட்டிலை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், எனவே பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

அது குளிர்வதற்குள் அரை தம்ளர் பட்டாணி, ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர், இரண்டு சிட்டிகை உப்பு சேர்த்து மிக்சியில் பதினைந்து நொடி ஓட்டுங்கள். சட்னிக்கு அரைப்பது போல் மையாக அரைக்க வேண்டாம். டீ வடிகட்டியில் வடித்து, வரும் பச்சைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். நுரை பொங்கினால் அடியில் நடப்பது தெரியாது. பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? செல்லைச் சுற்றியுள்ள சவ்வும், உள்ளே உட்கருவைச் சுற்றியுள்ள சவ்வும் பெரும்பாலும் கொழுப்பும் புரதமும்தான். எண்ணெய்ச் சட்டியை சோப்பு என்ன செய்யுமோ, அதையே இங்கும் செய்கிறது. சவ்வு கரைந்து டிஎன்ஏ தண்ணீருக்குள் வந்துவிடும். அதோடு ஒட்டியிருக்கும் புரதத்தைக் கழற்ற, நாலைந்து சொட்டு புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாறு விடலாம். புரதத்தை வெட்டும் நொதி அதில் இருக்கிறது. டப்பாவில் அடைத்து வரும் சாறு உதவாது, சூடாக்கியதில் நொதி கெட்டிருக்கும்.

இனிதான் பொறுமை வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடி தம்ளரில் மூன்றில் ஒரு பங்கு இந்தத் திரவத்தை எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். அதே அளவு குளிர்ந்த ஸ்பிரிட்டைத் தம்ளரின் சுவர் வழியே வழியவிடுங்கள். ஸ்பிரிட் மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பஞ்சு போல் வெள்ளை மேகம் எழும்பும். ஒரு ஈர்க்குச்சியை விட்டு மெல்லச் சுற்றுங்கள்.

டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. ஸ்பிரிட்டில் டிஎன்ஏ கரையாததால் இழைகள் ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. அண்ணன் மகன் குச்சியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சளி மாதிரி இருக்கு" என்றான். அப்படித்தான் இருக்கும். 1869-ல் ஃபிரெட்ரிக் மீஷர் இந்தப் பொருளை முதலில் பிரித்தது சீழ் படிந்த கட்டுத்துணிகளிலிருந்து. இரண்டு இழை முறுக்கிய ஒரு டிஎன்ஏ நூலின் அகலம் இரண்டு நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குச்சியில் இருப்பது கோடிக்கணக்கான இழைகளின் கற்றை, கூடவே டிஎன்ஏவின் உறவுப் பொருளான ஆர்என்ஏவும் கொஞ்சம் புரதமும்.

அப்புறம் பாடம். இழை என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய நீள வரி. எதிர் இழையில் ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி ஜோடி. நம் குரோமோசோம்களின் (டிஎன்ஏ சுருண்டிருக்கும் கட்டுகளின்) ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்து. பட்டாணிக்கு 400 கோடிக்கும் மேல்! எழுத்து கூடினால் அறிவு கூடும் என்று யாராவது சொன்னால் பட்டாணியைக் காட்டுங்கள்.

எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் பட்டாணியே போதும். மளிகைக் கடைக் காய்ந்த பட்டாணி உருண்டையாக இருக்கும். பச்சையாக வாங்கிச் சாப்பிடும் இனிப்புப் பட்டாணியைக் காயவைத்தால் பெரும்பாலும் சுருங்கிப் போகும். மாவுச்சத்து உருவாக உதவும் ஒரு மரபணுவின் நடுவே சுமார் 800 எழுத்து செருகிக் கிடப்பது அந்தச் சுருக்கத்துக்கு ஒரு காரணம் என்று 1990-ல் கண்டுபிடித்தார்கள். மரபணு வேலை செய்யாமல் விதையில் சர்க்கரை மிஞ்சுகிறது, அது தண்ணீரை இழுத்து வைக்கிறது, காயும்போது தோல் சுருங்குகிறது. தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று என்று வரும் இரண்டு பிரதியில் ஒன்று நன்றாக இருந்தாலே விதை உருண்டைதான். பட்டாணியை வைத்து மரபு விதிகளைக் கண்ட மெண்டல், உருண்டையையும் சுருக்கத்தையும் கலப்புச் செய்து இதே குணத்தை இரண்டாம் தலைமுறையில் எண்ணியபோது 5,474 உருண்டை, 1,850 சுருக்கம் வந்தன. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று.

மாம்பழத்தையும் அப்படியே விட மனமில்லை. கொல்லையில் எங்கள் பாட்டி மல்கோவாக் கொட்டையைப் போட்டு வளர்த்த மரம் ஒன்று உண்டு. காய் நாராக, புளிப்பாக இருக்கும். "மல்கோவாதானே நட்டாங்க?" என்று அண்ணன் மகன் கேட்டான். நாம் சாப்பிடும் சதை தாய்மரத்தின் உடல், அதில் தாயின் டிஎன்ஏ மட்டும்தான். உள்ளே இருக்கும் பருப்பு பிள்ளை. ஈயோ வேறு பூச்சியோ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்ததோ, பருப்பின் டிஎன்ஏவில் பாதி அந்தத் தகப்பனுடையது. சந்தூர் நாற்றுப் பண்ணைகளில் கொட்டையை முளைக்கவிட்டாலும், மேலே தாய்மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டுவது அதனால்தான். பாட்டி மரத்துக் காய் இன்றுவரை ஊறுகாய்க்குத்தான் போகிறது.